இடிச்சுப் போட்டேனுங்க

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமானப் பராமரிப்பைப் பற்றி சேலத்தில் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பில் நியாயம் உண்டு. காமலாபுரத்தில் 1993இல் நம் விமான நிலையம் வந்தது. விமானம் வரும், கொஞ்ச நாள் பறக்கும், நின்றுபோகும், மறுபடி வேறொரு கம்பெனி வரும். கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. விமானத்தைப் பார்ப்பதைவிட விமான நிலையத்தின் பெயர்ப்பலகையைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் என் தொழிலின் முதல் பாடத்தை நான் படித்தது எந்த விமான நிலையத்திலும் அல்ல. நாமக்கல்லில், எங்கப்பாவின் லாரிப் பட்டறையில்.

அப்பாவுக்குப் பட்டை வேலை, அதாவது லாரியின் ஸ்பிரிங் தகடுகளைச் சரிசெய்வது. மெயின் பட்டை உடைந்து ஒரு லாரி வந்து நிற்கும். டிரைவர் இறங்கி, "ஓட்டத்துல தானா உடைஞ்சுதுங்க" என்பார். அப்பா மறுத்துப் பேசமாட்டார். டிரைவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, கிளீனர் பையனுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். பிறகு ஒரே கேள்விதான்: "எங்கடா எறக்குனீங்க?" பையன் சொல்லிவிடுவான். நாக்பூர் தாண்டி ஒரு பாலம், பாலம் முடிகிற இடத்தில் குழி. குழி எந்தப் பக்கம், வண்டி லோடா காலியா, பிரேக் அடித்தபடி இறங்கியதா சும்மா இறங்கியதா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அப்பா வண்டிக்கு அடியில் போவார். உடைந்த பட்டையை மாற்றுவதோடு நிற்கமாட்டார். இடது பின் சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அடி சேஸில் எந்த வழியாகப் போய் எங்கே முட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, யாரும் பார்க்காத ஒரு பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டுவார். விரிசல் பல சமயம் அங்கேதான் இருக்கும்.

டிரைவர் ஏன் மறைத்தார்? ஓனருக்குத் தெரிந்தால் பேட்டாவில் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்டுகிற வண்டிதான் அது. எஃப்.சி.யில் அந்தக் குழி எங்கேயும் பதிவாகவில்லை.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். விமானத்தைச் சோதிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காலக்கணக்கு பார்த்து வருவது. இன்னொன்று, ஏதோ நடந்துவிட்டதால் வருவது. முதலாவதைக் கணக்கும் காலண்டரும் நடத்துகின்றன. இரண்டாவதை ஒரு மனிதனின் வாய்தான் தொடங்கிவைக்கிறது. "இடிச்சுப் போட்டேனுங்க" என்று யாராவது சொன்னால்தான் அது பிறக்கும்.

முதலாவதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பறந்த மணி நேரம் ஒன்று. ஏறி இறங்கிய தடவை ஒன்று. இதை நாங்கள் சைக்கிள் என்போம். மூன்றாவது காலண்டர். சக்கர பேரிங்குக்கு இறங்கிய தடவை முக்கியம், இன்ஜின் எண்ணெய்க்கு மணி நேரம் முக்கியம், துருவுக்குக் காலண்டர் முக்கியம். விமானம் ஷெட்டில் சும்மா நின்றாலும் துரு லீவு எடுப்பதில்லை. இந்த மூன்றையும் வைத்துத்தான் சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏ செக், ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சி செக், ஆறு அல்லது பன்னிரண்டு வருடத்தில் விமானத்தை எலும்புக்கூடாக்கிப் பார்க்கும் பெரிய சோதனை என்று அட்டவணை போடுகிறார்கள். தயாரித்த கம்பெனி ஒரு வரைவைத் தரும். விமானக் கம்பெனி அதைத் தன் ஓட்டத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதும். நம் நாட்டில் விமானத் துறையின் கட்டுப்பாட்டு அலுவலகமான டி.ஜி.சி.ஏ. அதற்கு ஒப்புதல் தர வேண்டும்.

சேலம் போன்ற ஊருக்கு வருகிற ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்துக்கு எந்தக் கடிகாரம் வேகமாக ஓடும்? நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு முட்டை லோடு ஏற்றிப் போகும் லாரியையும், சேலம் டவுன் பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் லாரிக்கு அதிகம். ஆனால் கிளட்ச் தேய்வது டவுன் பஸ்ஸில். பெங்களூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து கொச்சி என்று ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறும் விமானம் டவுன் பஸ்தான்.

இந்த டவுன் பஸ் கணக்கை உலகத்துக்கு உறைக்கவைத்தது ஹவாய்த் தீவுகளில் நடந்த ஒரு சம்பவம். 1988 ஏப்ரல் 28. அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று தீவு விட்டுத் தீவு போய்க்கொண்டிருந்தபோது, முன்பகுதியின் மேற்கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் காற்றில் தூக்கியெறியப்பட்டு இறந்தார். தங்களையும் சேர்த்து மீதி 94 பேரோடு விமானிகள் அந்தத் திறந்த வண்டியை இறக்கினார்கள். அந்த விமானம் பறந்தது சுமார் 35,500 மணி நேரம். அது பெரிய கணக்கில்லை. ஆனால் ஏறி இறங்கியது 89,000 தடவைக்கும் மேல். வடிவமைத்தபோது மனதில் வைத்த எண்ணிக்கை 75,000. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி உடல் விம்மும், இறங்கும்போது சுருங்கும். தகடுகள் இணையும் இடத்தில் ரிவெட் ஓட்டைகளின் ஓரத்தில் பொடிப் பொடியாக விரிசல்கள் தொடங்கி, ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டன.

இங்கே அலுமினியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் காய்ச்சிய பூமி இது. அதன் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரும்புக்கு ஒரு பொறுமை எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் தாங்கிக்கொள்ளும். லாரி சேஸ் முப்பது வருடம் ஓடுவதன் ரகசியம் அதுதான். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. சின்ன அடியாக இருந்தாலும் கணக்கில் வைத்துக்கொள்ளும், மறக்காது. விமானம் கனம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்படி ஞாபகசக்தி உள்ள உலோகத்தில் கட்டிவிட்டு, அதன் ஞாபகத்தைக் காலாகாலத்தில் போய்ப் படித்துப் பார்க்கிறோம்.

இது புரிவதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1954இல் பிரிட்டனின் கோமெட் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து நடுவானில் சிதறின. காரணம் தேட, ஃபார்ன்பரோவில் ஒரு முழு கோமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். பறந்ததும் தொட்டியில் தாங்கியதும் சேர்த்து 3,057ஆவது தடவையில் உடல் கிழிந்தது. ஏன் தண்ணீர்? காற்றை அடைத்துச் சோதித்தால் கிழியும்போது வெடிகுண்டாகிவிடும். தண்ணீர் சுருங்காது, அதனால் விரியவும் செய்யாது. கிழிந்த இடம் கிழிந்தபடி நிற்கும். இதை நாமக்கல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேஸ் டேங்கர் வைத்திருப்பவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டேங்கில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்கிறார்களே, அதே காரணம்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அடிக்கடி பிரித்துப் போட்டுப் பார்த்தால் பாதுகாப்புதானே? எங்கள் முன்னோடிகளும் அப்படித்தான் நம்பினார்கள். டி.சி.8 விமானத்தில் காலக்கெடு வைத்துப் பிரித்துக் கோக்க வேண்டிய பாகங்கள் 339. பிறகு யுனைட்டட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நௌலனும் ஹீப்பும் 1978இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்று கணக்கெடுத்ததில், 89 சதவீதத்துக்கு வயதுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை. காலக்கெடு வைத்து மாற்றுவதால் அவற்றுக்கு லாபமில்லை. இன்னும் மோசமாக, பிரித்துக் கோத்த புதிதில்தான் நிறையப் பாகங்கள் பழுதாயின. அறிக்கைக்கு முன்பே வந்துவிட்ட டி.சி.10இல் அந்த 339, ஏழாகக் குறைந்திருந்தது. ஓடுகிற இன்ஜினைச் சும்மா பிரிக்காதே என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதை அவர்கள் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார்கள். இன்றைய பராமரிப்பு அட்டவணை எல்லாம் இந்தச் சிந்தனையில் வளர்ந்ததுதான். கை வைப்பதைக் குறைத்து, கண் வைப்பதைக் கூட்டினார்கள்.

சரி, அட்டவணை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நேற்று ராத்திரி நடந்தது அதற்குத் தெரியாது.

2018 அக்டோபர் 12, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், நம் பக்கத்து ஊரான திருச்சியிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 கிளம்பியது. உள்ளே 136 பேர். மேலெழும்பும்போது ஓடுபாதைக் கோடியில் இருந்த வழிகாட்டும் ஆன்டெனாவையும், அதைத் தாண்டி நிலையத்தின் சுற்றுச்சுவரையும் விமானம் இடித்தது. விமானிகளுக்கு எதிரே உள்ள கருவிகள் எல்லாம் சரியாகவே காட்டின. அவர்களும் எல்லாம் சரி என்றே சொன்னார்கள். விமானம் அரபிக் கடலைக் கடந்துகொண்டிருந்தது. இங்கே திருச்சியில் தரையில் சுவர் இடிந்து கிடந்தது. செய்தி போய், விமானம் திருப்பப்பட்டு, கிளம்பி நாலு மணி நேரத்துக்குப் பிறகு மும்பையில் இறங்கியது. அடிவயிற்றில் தகடு கிழிந்து தொங்கியது. சக்கரத்தில் வேலிக் கம்பி சுற்றியிருந்தது. யாருக்கும் காயமில்லை.

ஓடுபாதையில் ஓடும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னுக்குச் சரிந்து, அந்தத் தடுமாற்றத்தில் இன்ஜின் விசை குறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. இருக்கையின் ஒரு பூட்டு! அது தனிப் பாடம். எனக்கு அந்த இரவில் முக்கியமாகப் படுவது வேறு. விமானத்தில் ஆயிரம் சென்சார் உண்டு. எதுவும் "இடித்தேன்" என்று சொல்லவில்லை. சொன்னது சுவர்தான்.

எந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டை எடுத்தாலும் ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு பகுதி இருக்கும். எதிர்பாராத நிகழ்வுகளுக்குப் பிந்தைய சோதனைகள். வேகமாகத் தரையில் மோதி இறங்கியது, எடை மிகுதியோடு இறங்கியது, வால் உரசியது, இடி விழுந்தது, பறவை மோதியது, கல்மழை, கடும் காற்றுக் குலுக்கல், பிரேக் காய்ந்து டயர் வெடித்தது, தண்ணீரில் நின்றது. ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். எங்கப்பா கிளீனர் பையனிடம் கேட்டதைத்தான் அந்த அத்தியாயமும் கேட்கிறது: எங்கே இறக்கினீர்கள், எவ்வளவு எடையில், எந்தப் பக்கம்?

தரையில் மோதி இறங்கியதையே எடுத்துக்கொள்வோம். பயணிகள் விமானம் அதன் முழு இறங்கும் எடையில் நொடிக்குப் பத்து அடி வேகத்தில் கீழே வந்து மோதினாலும் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. பத்தடி என்பது சாதாரணமாகத் தெரியலாம். வழக்கமாக இறங்குவது இரண்டு மூன்றடி வேகத்தில்தான். எல்லையைத் தாண்டியிருக்குமோ என்று விமானிக்குத் தோன்றினால் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதினால் நாங்கள் பதிவுக் கருவியிலிருந்து எண்ணை எடுத்துப் பார்ப்போம். எல்லை தாண்டியிருந்தால் முதல் சுற்று: டயர், சக்கரத்தின் கால், கால் பொருந்தும் இடத்தில் தகட்டில் சுருக்கம், எரிபொருள் கசிவு, தலை கழன்ற ரிவெட். அதில் ஏதாவது அகப்பட்டால்தான் இரண்டாம் சுற்று. அடி போன வழியைப் பின்தொடர்ந்து இறக்கையின் அடிக்கட்டை, இன்ஜின் தொங்கும் பின்கள், வால் வரைக்கும் போவோம். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ராத்திரி முழுவதும் தேடி ஒன்றும் கிடைக்காத சோதனையைப் போல நிம்மதியான வேலை வேறு இல்லை. மேலதிகாரிக்கு மட்டும் அது வீண் செலவாகத் தெரியும்.

ரிவெட்டும் பேசும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தளர்ந்த ரிவெட் அதன் ஓட்டையில் அசைந்து அசைந்து தேயும்போது கறுப்பு மாவு வெளிவரும். காற்று ஓட்டத்தில் அது பின்னால் இழுபட்டுப் புகை விட்டது போலக் கோடு போடும். புகைகிற ரிவெட் என்றே எங்களிடம் பெயர்.

இடியைப் பற்றி. தமிழில் மோதியதும் இடிதான், வானத்திலிருந்து விழுவதும் இடிதான். எங்கள் தொழிலுக்கு வசதியான மொழி. பயணிகள் விமானம் ஒன்றின் மேல் சராசரியாக வருடத்துக்கு ஒரு தடவை விழுகிறது. மூக்கிலோ இறக்கை நுனியிலோ நுழைந்து, உடல் வழியாக ஓடி, வாலில் வெளியேறும். விமானம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் சுடாது. தையல் போட்ட மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னத் தீக்காயம் வைத்துக்கொண்டு போகும். நுழைந்த இடம் கிடைத்தால் போதாது, வெளியேறிய இடமும் கிடைக்க வேண்டும். கிடைக்கும் வரை ஏணியை நகர்த்திக்கொண்டே இருப்போம்.

பறவை நம் மாவட்டங்களுக்கு நெருங்கிய விஷயம். விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் மிருகங்களை அறுப்பதும் கழிவு கொட்டுவதும் கூடாது என்பது 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 91ஆவது விதி. கழிவு இருந்தால் பருந்து வரும். பருந்து இன்ஜினுக்குள் போனால், எண்டோஸ்கோபி போல வளையும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு ஒவ்வொரு பிளேடாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இன்னொரு தகவல், கோழிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளலாம்: விமானி முன்னாலிருக்கும் கண்ணாடி பறவையைத் தாங்குமா என்று சோதிக்கச் செத்த கோழியைப் பீரங்கியில் வைத்துச் சுடுவார்கள். விதிப்படி எடை நாலு பவுண்டு, 1.8 கிலோ. நாமக்கல் முட்டைக் கோழியைவிடக் கொஞ்சம் கனம், பல்லடம் கறிக்கோழிக்குக் கிட்டத்தட்டச் சரி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஓடுபாதை முங்கியதும், 2025 மே 21இல் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானத்தின் மூக்கு கல்மழையில் பிய்ந்ததும் நீங்கள் படத்தில் பார்த்தவை. அவற்றை மறைக்க முடியாது, ஆகவே அவை எனக்குப் பெரிய கவலை அல்ல. என் கவலை, மறைக்க முடிகிற அடிகள்.

2005 டிசம்பர் 26. அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்.டி.83 கிளம்பியது. சுமார் 26,000 அடி உயரத்தில் பெரும் சத்தத்தோடு உள்காற்று வெளியேறியது. ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. திரும்பி வந்து இறங்கிப் பார்த்தால் உடலில் ஓர் அடி நீள ஓட்டை. பெட்டி ஏற்றும் தொழிலாளி ஒருவர் தன் வண்டியால் விமானத்தைத் தொட்டுவிட்டிருந்தார். சொல்லவில்லை. அலுமினியத்தில் மடிப்பு விழுந்தது, அழுத்தம் ஏறியதும் அந்த மடிப்பில் கிழிந்தது. அலோஹா விமானத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே உடலில் நீளமான விரிசலைப் பார்த்திருக்கிறார். நமக்கென்ன தெரியும், அவர்களுக்குத் தெரியாததா என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அலுமினியமாவது நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் நார் அதையும் செய்யாது. போயிங் 787 எடையில் பாதி இப்படிப்பட்ட கூட்டுப்பொருள்தான். அதில் அடி விழுந்தால் மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். கண் உதவாத இடத்தில், சொன்ன சொல் ஒன்றுதான் கருவி.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஹேங்கரில், இரவு ஷிப்டில், என் கையிலிருந்து டார்க் ரெஞ்ச் நழுவி இறக்கையின் பின்மடலில் விழுந்தது. கூட்டுப்பொருள் மடல். ஒரு தடயமும் இல்லை. பார்த்தவர் யாருமில்லை. அரை மணி நேரம் அந்த ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் பட்டறையில் எத்தனை டிரைவர்களை மனதுக்குள் திட்டியிருப்பேன். அன்றைக்கு அவர்கள் எல்லாரும் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மேற்பார்வையாளரிடம் போய், "சார், ரெஞ்ச் விழுந்துருச்சு" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எங்க?" என்றார். ஏணியில் ஏறி, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். பானை வாங்கும்போது தட்டுவோமே, அப்படி. நல்ல இடத்தில் ‘டிங்’ என்று கேட்டது. ரெஞ்ச் விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ‘தொப்’ என்று கேட்டது. பென்சிலால் வட்டம் போட்டார். மடலைக் கழற்றினோம். அந்த விமானம் காலையில் போகவில்லை. படிவத்தில் பெயர் எழுதும் கட்டம் வந்தபோதுதான், உன் இனிஷியல் என்ன என்று கேட்டார்.

சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜம்போ ஒன்று 1978இல் ஒசாகாவில் வால் உரசி இறங்கியது. மறைக்கவில்லை. சோதித்தார்கள், தயாரித்த போயிங்கே வந்து சரிசெய்தது. பின்புற அழுத்தச் சுவரில் ஒரே இணைப்புத் தகடு வர வேண்டிய இடத்தில் அதை இரண்டாக வெட்டி வைத்ததால், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரம் ஒரு வரிசையில் விழுந்தது. ஏழு வருடம் பறந்து, 1985 ஆகஸ்ட் 12இல் அந்தச் சுவர் வெடித்தது. 520 பேர் இறந்தார்கள். சைனா ஏர்லைன்ஸின் ஜம்போவும் 1980இல் ஹாங்காங்கில் வால் உரசியதுதான். கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல் மேலே ஒட்டுத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். 22 வருடம் கழித்து, 2002 மே 25இல் நடுவானில் சிதறி 225 பேர் போனார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் அந்த ஒட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்திருந்தது. விமானத்தில் சிகரெட் பிடிக்க அனுமதித்த காலத்துப் புகை, விரிசல் வழியாகக் கசிந்து வைத்த கறை. ஒட்டு தன்னால் ஆனமட்டும் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

தண்டனை பற்றிக் கேட்பீர்கள். 2023இல் இண்டிகோவின் ஏ321 விமானங்கள் ஆறு மாதத்தில் நாலு முறை வால் உரசின. டி.ஜி.சி.ஏ. அந்தக் கம்பெனியின் பயிற்சி, நடைமுறை, ஆவணங்களைத் தணிக்கை செய்து 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அது சரி என்பேன்; நாலு முறை நடந்தால் குறை ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அகமதாபாத்தில் உரசிய விமானத்தின் விமானிகள் இருவரின் உரிமத்தையும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். அதில்தான் எனக்குத் தயக்கம். வால் உரசலைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தண்டனைக்குப் பயந்து மறைப்பதன் நஷ்டம் இங்கே தெரியாது. ஆனால் இந்தத் தண்டனையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெட்டி ஏற்றுகிறவர், எரிபொருள் வண்டி ஓட்டுகிறவர், சமையல் பெட்டி ஏற்றுகிறவர், அவர்களுக்கு என்ன பாடம் போகிறது? அமெரிக்காவில் 1976 முதல் விமானத் துறைக்காரர்கள் தங்கள் தவறுகளை நாசாவிடம் எழுதித் தருகிறார்கள். நாசா பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்திடம் கொடுக்காமல், அதிகாரம் இல்லாத நாசாவிடம் கொடுத்ததில்தான் அதன் சூட்சுமம். எங்கப்பா கிளீனர் பையன் பேரை ஓனரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மாணவர்களுக்கு ஒரு தகவல். பெரிய சோதனைகளுக்கு விமானங்கள் வந்து நிற்கும் ஹேங்கர்கள் ஓசூர்ப் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் இருக்கின்றன. 1965இல் தருமபுரி பிரியும் வரை அதுவும் சேலம் ஜில்லாதான். போய்ப் பாருங்கள். எலும்புக்கூடாக நிற்கும் விமானத்தை ஒருமுறை பார்த்தவர் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடமாட்டார்; இறக்கைக்கு மேலே சீட் கேட்பார்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு விமானம் கிளம்பத் தயாராக இருந்தது. கதவு சாத்தவில்லை. பணிப்பெண் வந்து, 7ஆம் வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார், உட்காரமாட்டேன் என்கிறார் என்றார். போனேன். வேட்டி, தோளில் துண்டு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சில் நம்ம ஊர். ஜன்னல் வழியாக இறக்கையைக் காட்டினார். "அங்க பாருங்க, ஒட்டுப் போட்ருக்குது. கண்டுக்காம உட்டுப்போட்டாங்களாட்டம் இருக்குதுங்க." வெள்ளி நிறப் பட்டை. அலுமினியப் பட்டைதான், பாரம் தாங்காத இடத்தில் தற்காலிகமாக ஒட்ட அனுமதி உண்டு, எந்தத் தேதிக்குள் நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கும் என்று விளக்கினேன்.

"தேதி எழுதியிருக்குதுங்களா?"

விமானியிடம் கேட்டுக் குறிப்பேட்டை வாங்கி வந்து காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு, விரல் வைத்துத் தேதியைப் படித்தார். யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். விமானம் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் நான் எழுதினேன்: பயணி ஒருவர் பழுது தெரிவித்தார், சரிபார்க்கப்பட்டது.